முழுகாமல்: பொருள் தருக

ஊர் உலகத்தில் யாருக்கும் வராத சோதனை நிரஞ்சனாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. அவள் பேசிய பேச்சுக்கு அவளே அர்த்தம் எழுத வேண்டியதாகிவிட்டது.

திரையில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. "அம்மா, யார்கிட்டயும் சொல்லாத, நான் முழுகாம இருக்கேன்." அதன் கீழே வழக்கமான இரண்டு கட்டங்கள். பொருள் தருக. மனநிலை தருக. பேசியவர் பெயர் கிடையாது, பெண் என்று மட்டும் போட்டிருந்தது. பெயர் எதற்கு? குரலைக் கேட்கும் பொத்தானை அமுக்கினாள். சாட்சாத் அவளேதான். பின்னால் மாடிப்படியில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

மதுரை ரிங் ரோட்டில் இருந்த அந்த அலுவலகத்தின் தொழில், இயந்திரத்துக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக் கொடுப்பது. இயந்திரம் புத்தகத் தமிழில் சூரப்புலி. சந்தி பிசகாது. ஆனால் "அவனுக்கு மண்டைக்கனம்" என்றால் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுக்கும். "என்கிட்டயே காது குத்தாதே" என்றால் பக்கத்து நகைக்கடைக்கு வழி சொல்லும். அதை ஆளாக்குவதற்குத்தான் நிரஞ்சனாவும் இன்னும் நாற்பது பேரும் காலை முதல் மாலைவரை வாக்கியம் வாக்கியமாகப் பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதே இயந்திரம்தான் அலுவலகத்துக்கு நிர்வாகியும். வருகை, விடுப்பு, ஒப்பந்தம் எல்லாம் அதன் கையில். அதற்கு 'சீர்' என்று அழகான பெயர் வைத்திருந்தார்கள். பெண்கள் வைத்த பெயர் மாமியார். காதில் மாட்டிய கருவி வழியாக எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொள்ளும், முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாது, நடக்க வேண்டியது மட்டும் நடந்துவிடும். அதற்கு ஒரு பேச்சு புரியாவிட்டால் யாரையாவது கேட்கும். வெளியாள் வைத்தால் செலவு என்று சொந்த அலுவலகத்து ஆட்களிடமே அனுப்பிவிடும். முந்தின நாள் மாடிப்படியில் நின்று போனில் அம்மாவோடு பேசியபோது காதிலிருந்த கருவியைக் கழற்ற மறந்தது நிரஞ்சனாவின் கெட்ட நேரம். அந்த வாக்கியம் சுற்றிவந்து அவளுடைய மேசையிலேயே விழுந்தது நல்ல நேரமா கெட்ட நேரமா என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அங்கே எல்லாருக்கும் ஆறு மாத ஒப்பந்தம்தான். அவளுக்கு அடுத்த புதுப்பிப்பு மூன்று மாதத்தில் வந்தது. கணவன் லோகேஷ் கமுதிப் பக்கம் சூரியத் தகடு துடைக்கும் வேலையில் இருந்தான். வெயில் காலத்தில் வேலை, மழைக் காலத்தில் தூக்கம். வீடு ஓடியது அவள் சம்பளத்தில். பிள்ளையும் வேண்டும், வேலையும் வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். அது என்ன அவ்வளவு பெரிய ஆசையா?

பெரிய ஆசைதான் என்று இடப்பக்க நாற்காலியில் இருந்த ரோஸ்லின் ஒருமுறை விளக்கியிருந்தாள். ரோஸ்லினின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், அவளுக்கு யாரிடமும் பயமில்லை.

"மாசமா இருக்கான்னு வேலையை விட்டு அனுப்பினாத்தானடி சட்டப்படி தப்பு? மாமியாருக்குச் சட்டம் நம்மளைவிட நல்லாத் தெரியும். அது அனுப்பாது. புதுப்பிக்காது, அம்புட்டுத்தான். 'தொடர் வருகை வாய்ப்பு'ன்னு ஒரு மார்க் போடும். அது இறங்கிருச்சுன்னா சோலி முடிஞ்சுது. ஷர்மிளாவுக்கு என்ன ஆச்சு? திங்கக்கிழமை வாழ்த்துகள்னு பூங்கொத்துப் படம் வந்துச்சு. அடுத்த திங்கக்கிழமை கார்டைத் தேச்சா கதவு திறக்கல."

கர்ப்பம் என்ற சொல்லும் அதன் ஆங்கிலச் சொல்லும் மாமியாருக்குத் தெரியும். அவற்றை யாரும் அலுவலகத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை. முழுகாம இருப்பது என்னவென்று அதற்குத் தெரியவில்லை. இப்போது நிரஞ்சனா சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அவள் விரலை மடக்கி மடக்கி நீட்டினாள். பிறகு பொருள் கட்டத்தில், "குளிக்காமல் இருக்கிறேன்" என்று எழுதினாள். முழுகுவது என்றால் குளிப்பது, சொல்லுக்குச் சொல் சரி, இதில் எங்கே பொய் என்று தனக்குத்தானே வழக்காடிக்கொண்டாள். மனநிலைக் கட்டத்தில் "வெட்கம்" என்று போட்டாள்.

ஆனால் ஒருவர் எழுதினால் போதாது. அதே வாக்கியம் இன்னும் இரண்டு பேருக்குப் போகும், மூன்று பேர் பொருளும் ஒத்துப்போனால்தான் இயந்திரம் ஏற்கும். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் கிரீச்சிட்டுக்கொண்டிருந்த ரோஸ்லினின் நாற்காலி சட்டென்று நின்றது. எதிர் வரிசையில் ஜெரினா தட்டுவதை நிறுத்தினாள். ஜெரினா கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள்.

ரோஸ்லின் திரும்பாமலே சொன்னாள். "யாரோ பாவம், குளிக்கலையாம்."

"தண்ணி வந்திருக்காதுக்கா" என்றாள் ஜெரினா.

மூன்றும் பொருந்தின. திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நிரஞ்சனாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் மாமியார் கேட்டுவிடுமோ என்று மூக்கைக்கூட உறிஞ்சாமல் இருந்தாள்.

மறுநாள் அவள் மேசைமேல் ஒரு சந்தன சோப்பு இருந்தது. 'உங்கள் தூய்மை எங்கள் பெருமை' என்று ஒரு அட்டை வேறு. பிரிவுத் தலைவர் அழகுராஜா அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, போய், மறுபடியும் வந்தார்.

"ஏம்மா நிரஞ்சனா, வீட்ல மோட்டார் கீட்டார் ரிப்பேரா?"

"இல்ல சார்."

"இல்ல, சீர்ல இருந்து எனக்கு ஒரு குறிப்பு வந்திருக்கு. நான் என்னத்தைச் சொல்ல. நமக்குத் தெரிஞ்ச பிளம்பர் ஒருத்தர் இருக்காரு, நம்பர் வேணா தாரேன்."

அவள் நம்பரை வாங்கிக்கொண்டாள். வேறு வழி?

ஒரு பொய் நன்றாக வேலை செய்தால் மனுஷ ஜாதிக்குக் கை சும்மா இருக்குமா? அடுத்தடுத்த வாரங்களில் ஒருமுறை பதில் ஒத்துப்போனதால் அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் மாமியார் இந்த மூவருக்கே அனுப்பியது, மூன்று பேரும் கூசாமல் பதில் எழுதினார்கள். 'மாசமா இருக்கா' என்றால் மாதச் சம்பளத்தில் இருக்கிறாள். 'மசக்கை' என்றால் சமையல் சரியில்லை என்ற புகார். அதனால் கேன்டீன்காரரிடம் இரண்டு முறை விசாரணை நடந்தது, அந்த மனுஷன் சாம்பாரில் உப்பைக் குறைத்து, புளியைக் கூட்டி, கடைசியில் சாம்பாரையே நிறுத்திவிட்டார். 'நாள் தள்ளிப் போயிருக்கு' என்றால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அதன் பலனாக, எவளோ ஒருத்தி தோழியிடம் கிசுகிசுத்த நாளில் சிங்கப்பூர் வாடிக்கையாளரோடு நடக்கவிருந்த கூட்டத்தை மாமியார் தானாகவே தள்ளிவைத்தது. சிங்கப்பூரில் அவர்கள் ஏன் என்று புரியாமல் மன்னிப்பு வேறு கேட்டார்கள்.

உச்சம் என்று பார்த்தால் கணக்குப் பிரிவு வித்யாவின் வளைகாப்புதான். 'வளைகாப்பு' என்றால் என்ன என்று மாமியார் கேட்டபோது, வளையல் தொலைந்தால் ஈடு தரும் காப்பீடு என்று ஜெரினா ஒரே மூச்சில் எழுதினாள். 'வளையல் காப்பீடு விழிப்புணர்வுக் கூட்டம்' என்ற பெயரில் மாமியாரே பெரிய அறையை ஒதுக்கி, எல்லாருக்கும் நினைவூட்டல் அனுப்பியது. பெண்கள் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் பரப்பி, வித்யாவுக்குக் கை நிறைய வளையல் அடுக்கினார்கள். இரண்டு ஆண்கள் நோட்டும் பேனாவுமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, தவணை எவ்வளவு என்று கேட்டார்கள்.

மாமியாருக்குக் காது மட்டும்தான், கண் கிடையாது. கேமரா வைக்கச் சட்டம் விடவில்லை. கண் இருந்தவர் அழகுராஜா. அவருக்கும் அதே ஆறு மாத ஒப்பந்தம் என்பதால், வயிறு தெரிகிற பெண் எதிரே வந்தால் அவர் போனை எடுத்துப் பார்ப்பார். வித்யாவுக்கு அந்த வாரமே ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. மூன்று பேரும் கேன்டீனில் பால்கோவா வாங்கிச் சாப்பிட்டார்கள். இப்படியே இன்னும் ஒரு மாதம் ஓடிவிட்டால் நிரஞ்சனாவும் தப்பித்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நெஞ்செரிச்சல். லோகேஷ் வீட்டில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கு ஒன்றுமில்லை, எதற்கும் கேட்டு வைப்போமே என்று 'தொட்டில்' எண்ணுக்குப் போன் போட்டாள். தொட்டில் என்பது கர்ப்பிணிப் பெண்கள் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கிற சேவை. ஊர்ப்புறத்துப் பெண்கள் பாதிப் பேர் டாக்டரைவிட அதைத்தான் நம்பினார்கள். பேசுவது இயந்திரம், ஆனால் குரல் அவ்வளவு இதமாக இருக்கும்.

"சொல்லுங்கம்மா" என்றது குரல்.

"நான் முழுகாம இருக்கேன். அஞ்சாவது நடக்குது. நெஞ்செரிச்சலா இருக்கு."

"புரிகிறதம்மா. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் காலையும் மாலையும் குளிப்பது உடலுக்கு நல்லது. உங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதா?"

நிரஞ்சனா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லோகேஷும் சிரித்தான், ஸ்பீக்கரில் போடச் சொல்லி இன்னொரு தடவை கேட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டான். அவள்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். வெட்கம். அது அவள் போட்ட வார்த்தை. தனக்குப் பதில் சொல்கிற குரல் தன் பொய்யைத்தான் சொல்கிறது என்றால், இன்னும் யார் யாருக்கெல்லாம் அது இதையே சொல்லிக்கொண்டிருக்கிறது?

திங்கட்கிழமை அழகுராஜாவை டீக்கடைக்கு வரச் சொன்னாள். காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். அவர் ஏதோ ராஜினாமா என்று நினைத்துப் பயந்துபோய் வந்தார்.

"சார், நாம எழுதுற அர்த்தமெல்லாம் எங்க போகுது?"

"எங்க போகும்? எல்லாம் ஒரே தொட்டிதாம்மா. இங்க ஊத்தினா அம்புட்டுக் குழாயிலயும் வரும். பேங்கு, ரேஷன், பஸ், தொட்டில் சேவை, எல்லாம் நம்ம தமிழ்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொட்டில்காரங்க போன வாரம் ஒரு புகார் அனுப்பியிருக்காங்க. ஆண்டிபட்டிக்கு அங்கிட்டு ஒரு பொண்ணு கூப்பிட்டிருக்கு. முழுகாம இருக்கேன், காலு வீங்குது, கண்ணு மங்குதுன்னு. நம்ம இயந்திரம் வெந்நீர்ல குளிக்கச் சொல்லியிருக்கு. அந்தப் பொண்ணும் பாவம் வெந்நீர் போட்டிருக்கு. நாத்தனார்காரி கெட்டிக்காரி, பார்த்துட்டு வண்டி பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்கு அள்ளிட்டுப் போயிட்டா. ரெண்டு உசுரும் தப்பிச்சுது. ரத்தக் கொதிப்பாம்."

நிரஞ்சனாவால் டீயைக் குடிக்க முடியவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தி அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்து வந்து போனது. அழகுராஜா அவள் முகத்தைப் பார்த்தார். இந்த முறை போனை எடுக்கவில்லை.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்றார். "தெரியாம இருக்கிறதுதான் என் வேலை. ஆனா எழுதினதைத் திருத்துறதுக்கு ஒரு வழி இருக்கு. முதல்ல ஒத்துக்கிட்ட அதே மூணு பேரும் மறுபடி ஒத்துக்கணும்."

மாலையில் அதே டீக்கடையில் மூன்று பெண்களும் நின்றார்கள். நிரஞ்சனா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ரோஸ்லின், "திருத்திருவோம்டி" என்றாள். "என் கடையெல்லாம் சாத்தி வருஷக்கணக்காச்சு, எனக்கு என்ன நட்டம்? உனக்குத்தான் வேலை போகும். யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்க்கா."

ஜெரினா துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "நீங்க யோசிச்சுட்டீங்கக்கா. என்னை யாரு கேட்டா? நாளைக்கு எனக்கும் இந்தப் பொய் வேணும்ல? இதை நம்பித்தானே நான் வீட்ல பிள்ளை பெத்துக்கச் சரின்னு சொன்னேன். இது உங்க பொய் மட்டும் கிடையாது."

ஜெரினா சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஒன்றும் முடிவாகாமலே, பஸ் வந்ததும் மூன்று பேரும் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை நிரஞ்சனா திருத்தப் பக்கத்தைத் திறந்தாள். 'கர்ப்பமாக இருக்கிறேன்' என்று எழுதினாள். மனநிலைக் கட்டத்தில் பயம், சந்தோஷம் என்று இரண்டு போட்டாள். ஒன்று மட்டுமே தரலாம் என்றது திரை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சந்தோஷத்தை அழித்தாள். ரோஸ்லினின் சம்மதம் உடனே வந்தது. எதிர் வரிசையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. டீ வந்து, ஆறி, ஏடு கட்டியது. ஜெரினா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டினாள். பச்சை எரிந்தது. அப்படியே மாசமா இருப்பது, மசக்கை, நாள் தள்ளிப் போவது என்று எழுதின பொய்யையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். வளையல் காப்பீடும் அன்றோடு ரத்தானது.

புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டால் மாமியார் பழைய பேச்சையெல்லாம் மறுபடி கேட்டுப் பார்க்கும். அன்று பிற்பகலில் அழகுராஜாவின் திரையில் பூங்கொத்துப் படம் வந்தது. 'வாழ்த்துகள், அழகுராஜா. உங்கள் பிரசவத் தேதியைத் தெரிவிக்கவும்.' கோடையில் தண்ணீர் லாரி வராதபோது அவர் அலுவலகத்திலிருந்து போனில் மனைவியிடம், "ரெண்டு நாளா முழுகாம இருக்கேன், உடம்பெல்லாம் கசகசங்குது" என்று புலம்பியிருக்கிறார். அவருடைய தொடர் வருகை வாய்ப்பும் தடாலென்று இறங்கிவிட்டது.

"நான் ஆம்பளை" என்று அவர் திரையைப் பார்த்து மூன்று முறை சொன்னார்.

"உட்காருங்க சார், இந்த மாதிரி நேரத்துல ரொம்ப நிக்கக் கூடாது" என்று ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். இப்படி அந்த மாடியில் ஐந்து ஆண்கள் மாட்டிக்கொண்டார்கள். வேலைச் சந்தை எவ்வளவு மோசம் என்று அவர்களுக்கு ஒரே பிற்பகலில் தெரிந்துவிட்டது. மாலைக்குள் அந்தப் பட்டியலிலிருந்து ஆண்கள் பெயரெல்லாம் நீங்கிவிட்டன. நிரஞ்சனாவின் பெயர் நீங்கவில்லை.

புதுப்பிப்பு நாளும் வந்தது. சிறிய அறை, ஒரு திரை, ஒரு நாற்காலி. அழகுராஜா ஒரு ஓரமாக நின்றார். அவள் கைப்பையை ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டாள். சோப்பைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாள், கொடுத்ததை ஏன் விட வேண்டும்?

"உங்கள் தொடர் வருகை வாய்ப்பு மிகவும் குறைந்துள்ளது" என்றது சீர். "பொது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை."

தெரிந்த சேதிதான். அவள் எழுந்துகொண்டாள்.

"தனி ஒப்பந்தம் ஒன்று உள்ளது" என்றது சீர். "திருத்தத்துக்குப் பிறகு தொட்டில் சேவைக்கு வரும் பேச்சில் புரியாத சொற்கள் ஏராளமாகத் தேங்கியுள்ளன. இடுப்பு கழண்டு விழுகிறது. பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை உதைக்கிறது, புகார் எங்கே கொடுப்பது? தற்போது இந்த நிலையில் இருப்பவர் என்று உறுதியான பொருள் எழுத்தாளர் நீங்கள் ஒருவரே. வீட்டிலிருந்து செய்யலாம். காலம், பேறுகாலம் முடியும் வரை."

அழகுராஜாவுக்கு முகமெல்லாம் பல். "பார்த்தியாம்மா, தெய்வம் கண்ணைத் திறந்துருச்சு."

"பிள்ளை பிறந்த மறுநாள் கதவு சாத்திரும் சார்" என்றாள் நிரஞ்சனா. வேலை போவது என்னவோ போவதுதான், இப்போது தேதி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கையில் குழந்தையோடு வேலை தேடி அலைவதை நினைத்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கையெழுத்துக்கு முன் ஒரு குறை" என்றது சீர். "'பேறுகாலம்' என்ற சொல்லுக்கு என்னிடம் முடிவு வரையறை இல்லை. பொருள் தருக."

நிரஞ்சனா மறுபடி உட்கார்ந்தாள். முன்பு மாதிரி அவசரப்படவில்லை. "முதல்ல இதைச் சொல்லு. நான் எழுதுற அர்த்தம் எங்கெல்லாம் போகும்?"

"ஒப்பந்தச் சொற்கள் பொதுத் தொட்டிக்குப் போவதில்லை. இது உங்கள் ஒப்பந்தத்துக்கு மட்டும்."

"தொட்டில் சேவைக்கு?"

"போகாது."

அவள் போனை எடுத்தாள். பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்தாயிற்று, தெரிந்தவர்களைக் கேட்டுவிடுவதே நல்லது. அம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா, பேறுகாலம் எப்பம்மா முடியும்?"

"என்னடி கேள்வி இது, வேலை நேரத்துல?" என்றாள் அம்மா. "உன்னைப் பெத்து இருபத்தொம்பது வருஷம் ஆச்சு. அன்னைக்கு நெஞ்செரிச்சல்னு சொன்னே, எனக்கு இங்க சோறு இறங்கல. எனக்கே இன்னும் முடியல, உனக்கு எங்கிட்டுப் போய் முடியும்? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா" என்று போனை வைத்தாள். அம்மா சொன்னதையே சுருக்கிப் பொருள் கட்டத்தில் எழுதினாள். பிள்ளை பிறப்பதில் தொடங்குவது, தாய்க்கு முடியாதது.

மூன்று பேர் சம்மதம் வேண்டும் என்பதால் அது வெளியே ரோஸ்லினுக்கும் ஜெரினாவுக்கும் போனது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரினா திரையைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு ரோஸ்லினுக்கு முந்திக்கொண்டு தட்டினாள்.

'வரையறை ஏற்கப்பட்டது' என்று வந்தது. அதன் கீழே ஒப்பந்தம் விரிந்தது. பெயர், பணி, தொடங்கும் நாள் எல்லாம் வரிசையாக நிரம்பின. முடியும் நாள் என்ற இடத்துக்கு வந்ததும் மாமியார் நின்றது. திரையில் சின்ன வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அழகுராஜா மூச்சுவிடாமல் நின்றார். கடைசியில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னது.